விலையில்லாக் குரல்

இடிமுழக்கம் யுவராஜின் குரல், குடைக் கட்சித் தலைவருடைய மாமனாரின் சொத்துக் கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நட்டநடு வாக்கியத்தில் போனது. ஆம்பூர் பஸ் நிலையத்து முனையில் ஊஞ்சல் கட்சிக்கு அந்தத் தேர்தலின் முதல் கூட்டம். ஜனம் கையிலிருந்த பிரியாணிப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. "அந்த மாமனார் யாருன்னு கேட்டீங்கன்னா..." என்று இழுத்தார். இழுத்த இடத்திலேயே குரல், டயரில் ஆணி ஏறியதுபோலப் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. வேண்டுமென்றே நிறுத்துகிறார், அடுத்தது பெரிய வெடியாகப் போடப்போகிறார் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. இவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். மைக் ஆபரேட்டர் வயரை ஆட்டிப் பார்த்தான். கடைசியில் வட்டச் செயலாளர் ஓடிவந்து, "அண்ணனுக்கு உணர்ச்சி மிகுதியால் தொண்டை அடைத்துவிட்டது" என்று சமாளித்து, கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுபோனார்.

உணர்ச்சியாவது வெங்காயமாவது! கழுத்துக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருந்த கருவிதான் காலை வாரிவிட்டது.

கருவி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் தொண்டைக் காய்ச்சல் என்று ஒன்று வந்தது. ஆளைக் கொல்லாது, குரலைக் கொன்றுவிடும். குரல்நாணை இயக்கும் நரம்பைச் செயலிழக்க வைத்துவிட்டுப் போய்விடும். தெருவுக்கு நாலு பேர் ஊமையானார்கள். அப்போது ஆட்சியிலிருந்த குடைக் கட்சி 'விலையில்லாக் குரல் திட்டம்' என்று அறிவித்தது. ஸ்வராக்ஸ் என்ற கம்பெனியின் கருவியை அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக வைத்தார்கள். மனுஷன் பேச நினைப்பதை மோப்பம் பிடித்து, தொண்டைத் தசைக்குச் சின்னதாக மின்சாரம் கொடுத்து, குரல்நாணைச் சரியாக இழுத்துப் பிடிக்கும். அவரவர் தொண்டை, அவரவர் குரல். என்ன, உடம்பு மாறமாற கருவிக்கு அவ்வப்போது சுதி சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு பெட்டி உண்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள், ஜனங்கள் சுதிப்பெட்டி என்று கூப்பிட்டார்கள்.

விலையில்லாப் பொருள் என்றால் தலைவர் படம் இல்லாமலா? பெட்டிக்குப் பெட்டி குடைக் கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த தேர்தலில் ஊஞ்சல் கட்சி ஜெயித்தது. எதிரியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நோயாளி எப்படிக் குணமாவான் என்று, அந்தப் படத்தின் மேலேயே தங்கள் தலைவர் படத்தை இன்னும் பெரியதாக ஒட்டினார்கள். அதற்கடுத்து மறுபடியும் குடை, அதைவிடப் பெரிய படம். பெட்டியின் சூடு வெளியே போவதற்குக் கம்பெனிக்காரன் விட்டிருந்த ஓட்டைகள் எல்லாம் தலைவர்களின் கன்னத்துக்கு அடியில் மூடிக்கொண்டன. பெட்டிகள் உள்ளுக்குள்ளேயே வெந்து ஒவ்வொன்றாகச் செத்தன. விசாரணைக் குழு போட்டார்கள். குழுவின் அறிக்கைக்கும் அட்டையில் தலைவர் படம்தான்.

சரி, குரல் போனால் போகட்டும், போனைப் பேச வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் பேச வைக்கலாம், மேடையில் முடியாது. செத்துப்போன தலைவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் குரலில் எழுந்துவந்து ஓட்டுக் கேட்க ஆரம்பித்து, ஒரே தலைவர் இரண்டு கட்சிக்கும் பிரசாரம் செய்து பெரிய அசிங்கமாகிப்போனதால், தேர்தல் மேடையில் உயிருள்ள தொண்டையிலிருந்து வரும் குரல் மட்டும்தான் செல்லும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் வந்த பிறகுதான் யுவராஜ் மாதிரியான பேச்சாளர்களுக்கு மறுபடியும் மாலை மரியாதை எல்லாம் திரும்பி வந்தது. அந்த மரியாதைக்குத்தான் இப்போது ஆபத்து. முப்பது வருஷமாக அந்த மனுஷருக்குத் தெரிந்த ஒரே வேலை பேசுவது. சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பினாலும் பேசிவிட்டு வெறும் பையோடு வருகிறவர்.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்வராக்ஸை வேறு ஒருவன் வாங்கி, அவனிடமிருந்து நாய்க்குக் கழுத்துப்பட்டை செய்கிற ஒருவன் வாங்கியிருந்தான். போனில் ஒரு பெண் குரல் இனிமையாக வந்தது. "நாய் குரைப்பதில் பிரச்னை என்றால் ஒன்று என்று சொல்லவும். மனிதர் என்றால் இரண்டு என்று சொல்லவும்."

யுவராஜ் கழுத்து நரம்பு புடைக்க 'இரண்டு' என்றார். காற்றுதான் வந்தது.

"மன்னிக்கவும், உங்கள் குரல் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கப் பேசவும்."

பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சுகன்யா போனைப் பிடுங்கினாள். "ரெண்டு! ரெண்டும்மா! குரல் போனதுனாலதானே போனே பண்றோம்? அந்த மனுஷன் எங்க போய் உரக்கப் பேசுவாரு?"

"மன்னிக்கவும், இது கருவியின் உரிமையாளருடைய குரல் இல்லை. உரிமையாளரைப் பேசச் சொல்லவும்."

சுகன்யா போனையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். அதற்குள் அந்தக் குரல், இந்த மாதிரிக் கருவிக்கான சேவை நிறுத்தப்பட்டுவிட்டது என்றும், தங்களோடு பேசியதற்கு நன்றி என்றும் சொல்லி வைத்துவிட்டது.

"உங்களைவிட நல்லாப் பேசுறாய்யா அவ," என்றாள் சுகன்யா. கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. ராத்திரி ஓய்ந்திருந்தால் காலையில் வரும், பேசப் பேசத் தேய்ந்து சாயங்காலம் காற்றாகிவிடும் என்று புரிந்தது. இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சுகன்யாவும் கூடவே வந்தாள்.

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், உடம்புக்குள் வைக்கிற கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் ஷப்னத்தின் அறை. உள்ளே போனால், நாற்காலியில் ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். சூறாவளி திலீபன்! குடைக் கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர். யுவராஜின் பரம்பரையையே முப்பது வருஷமாக மேடையில் வைத்துக் கிழித்துத் தொங்கவிட்டவர். இவரும் சளைத்தவரில்லை. இவர் திங்கட்கிழமை பஸ் நிலையத்து முனையில் திட்டினால், அவர் செவ்வாய்க்கிழமை அதே முனையில் பதில் சொல்வார். இரண்டு கூட்டத்துக்கும் வருவது ஒரே ஜனம்தான்.

"வாய்யா இடி," என்றார் திலீபன். சூறாவளியின் குரல் தேய்ந்து, கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி வந்தது. "உனக்கும் புட்டுக்கிச்சா?"

"உனக்கு எப்பய்யா ஆச்சு?"

"நேத்து. ரெண்டு பேருக்கும் ஒரே வார்டுல, ஒரே கையால வச்சது. உன்னுது போனா என்னுது மட்டும் இன்னா, சிரஞ்சீவியா இருக்குமா?"

ஷப்னம் சிரிக்காத பெண். இரண்டு பேரின் பேச்சையும் சின்ன வயசிலிருந்து வீட்டு ஜன்னல் வழியாக வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்டு வளர்ந்தவள். மேசைமேல் ஒரு சுதிப்பெட்டி இருந்தது. தலைவர்கள் படத்தை எல்லாம் சுரண்டி எடுத்து, செத்த பெட்டிகளிலிருந்து உதிரி பாகம் போட்டு அவளே உயிர் கொடுத்தது.

"விஷயத்தை நேராவே சொல்லிடறேன். பெட்டி வேலை செய்யும். ஆனா ஒவ்வொரு தடவை சுதி சேர்க்கவும் கம்பெனி சர்வர் அனுமதி குடுக்கணும். சர்வரை மூடிட்டாங்க. கிராமத்து முகாம்ல நெட் கிடைக்காதுன்னு, கொஞ்சம் அனுமதியைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வச்சிருந்தாங்க. மத்த நோயாளிங்களுக்கெல்லாம் போட்டது போக, அதுல மிச்சம் ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணா?" என்றார்கள் இரண்டு பேரும்.

"ஒண்ணுதான்."

"பூட்டை உடைக்க முடியாதாம்மா?" என்று கேட்டார் யுவராஜ். "நீ பெரிய ஆளாச்சே!"

"உடைச்சுப் பார்க்கலாம் ஐயா. கொஞ்சம் தப்பினா கருவி உங்க மூச்சுக்குழாயையும் சேர்த்து மூடிடும். சம்மதமா?"

யுவராஜ் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

"அப்போ வேற புதுசு வைங்க," என்றாள் சுகன்யா. "ஊர்ல எத்தனையோ கம்பெனி இருக்குதே."

"பழைய கம்பி நரம்போட சேர்ந்து வளர்ந்துடுச்சு அக்கா. அதைப் பிடுங்கினா நரம்பும் கூடவே வந்துடும். புதுசுக்கு இந்தக் கம்பி சேராது. பயப்படாதீங்க, சுதி சேர்க்காத கருவி ஆளைக் கொல்லாது. கொஞ்ச நாள்ல தானாவே பாதுகாப்பு நிலைக்குப் போயிடும். தொண்டையைத் திறந்தே வச்சிருக்கும். மூச்சு வரும், பேச்சு வராது."

அறையில் யாரும் பேசவில்லை. அந்த இரண்டு பேர் இருக்கிற இடத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

அப்புறம் ஆரம்பித்தது சண்டை. நான்தான் முதலில் வந்தேன் என்றார் திலீபன். எனக்குத்தான் முதலில் போனது என்றார் யுவராஜ். திட்டத்தைக் கொண்டுவந்ததே எங்கள் ஆட்சி என்றார் அவர். பெட்டியை வேக வைத்ததும் உங்கள் ஸ்டிக்கர்தான் என்றார் இவர். "உங்க ஸ்டிக்கர் மட்டும் இன்னா, வாழை இலையா?" என்று எழுந்தார் அவர். காசைச் சுண்டிப் பார்க்கலாமா என்று கேட்ட சுகன்யாவை இருவரும் சேர்ந்து முறைத்தார்கள். குடைக்காரன் சுண்டுகிற காசில் இரண்டு பக்கமும் பூ இருக்கும் என்றார் யுவராஜ்.

"போதும்!" என்றாள் ஷப்னம். "டாக்டர் கணக்குல ரெண்டு பேரும் சமம். நான் ஒருத்தர் பேரைச் சொன்னா இன்னொருத்தர் நாளைக்கு என்னையும் எங்க வாப்பாவையும் மேடையில ஏத்திடுவீங்க. நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்க."

"பட்டிமன்றம் வச்சுக்கலாம்," என்றார் யுவராஜ் சட்டென்று. "நீதான் நடுவர். நாங்க பேசறோம். யார் பக்கம் நியாயமோ, அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லு. தீர்ப்புன்னா மறுபேச்சு கிடையாது, அது எங்க தொழில் தர்மம்."

திலீபனும் ஒத்துக்கொண்டார். பட்டிமன்றத்தில் தோற்றவன் நடுவரைத் திட்டக் கூடாது. மற்ற எல்லாரையும் திட்டலாம்.

ஷப்னம் கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஆனா உங்களைப் பத்தி நீங்களே பெருமை பேசறதை நான் முப்பது வருஷமாக் கேட்டாச்சு. அதனால மாத்திப் பேசணும். இடி ஐயாவுக்குத்தான் குடுக்கணும்னு சூறாவளி ஐயா பேசட்டும். சூறாவளி ஐயாவுக்குத்தான் குடுக்கணும்னு இடி ஐயா பேசட்டும். யார் சொல்றது எனக்கு நியாயமாப் படுதோ, அவர் சொல்ற ஆளுக்கு சுதி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மண்டைக்குள்ளும் ஓடியது ஒன்றுதான். இதென்ன பெரிய விஷயம், சொதப்பினால் போதுமே! எதிரி நமக்காக நன்றாகப் பேசுவான், நாம் அவனுக்காக உளறிவிட்டு உட்கார்ந்தால் குரல் நம் கையில். "சரிம்மா," என்று இருவரும் சாந்தமாகச் சொன்னார்கள். திலீபன் குழந்தை மாதிரி சிரிக்கக்கூடச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுகன்யா படித்துப் படித்துச் சொன்னாள். "நாளைக்கு எழுந்து நிக்கணும், திலீபன் நல்லவரு, நன்றி வணக்கம்னு சொல்லணும், உக்காந்துடணும். அவ்ளோதான். எனக்கு சத்தியம் பண்ணுங்க." அவரும் குரலைச் செலவழிக்காமல் அவள் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

மறுநாள் காலை பிசியோதெரபி கூடத்தில் பட்டிமன்றம். முட்டிக்குக் கட்டுப் போட்டவர்களும், தோளுக்குக் கயிறு இழுப்பவர்களும், இடியும் சூறாவளியும் ஒரே இடத்தில் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மற்ற வார்டிலிருந்து டிரிப்ஸ் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களுமாகக் கூடம் நிறைந்துவிட்டது. ஷப்னம் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

திலீபன் எழுந்தார். "இடி நல்லவரு. வல்லவரு. அவருக்கே குடுத்துடுங்க. நன்றி, வணக்கம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடப்பாவி, முந்திக்கிட்டானே என்று யுவராஜ் பல்லைக் கடித்தார். அப்போது தோளுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஒரு ஆட்டோக்காரர் சத்தமாகக் கேட்டார். "இன்னா சூறாவளி, காத்து இறங்கிடுச்சா? கூரையில சுத்துற பங்காவா மாறிட்ட?"

கூடம் கொல்லென்று சிரித்தது. திலீபனின் காது சிவந்தது. சும்மா இரு, சும்மா இரு என்று தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொள்வது அவர் முகத்தில் தெரிந்தது. முடியவில்லை. எழுந்துவிட்டார்.

"எவன்யா அது, பங்கான்னு சொன்னது? கேட்டுக்க! இந்த இடி இருக்கானே, இவன் சொல்றதுல பாதி பொய். மீதி பாதி அதைவிடப் பெரிய பொய். ஆனா அந்தப் பொய்யைக் கேக்க ஜனம் எப்படி வருது பாத்தியா? தோல் பதனிடற ஷெட்டுல நாத்தத்துல நின்னுட்டு, மேஸ்திரிகிட்ட ஏச்சு வாங்கிட்டு, வீட்டுக்குப் போனா அங்கயும் ஏச்சுன்னு வர்ற ஜனம், இவன் பேச்சைக் கேட்டு வயித்தைப் பிடிச்சுக்கினு சிரிச்சுட்டுப் போவுது. எங்க தலைவரு வந்து பேசினாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன், முன்வரிசையே கொட்டாவி விட்டுது! நம்மை அழ வைக்க நாட்டுல ஆயிரம் பேரு இருக்கான். சிரிக்க வைக்க இந்த ஒரு தடியன்தான் இருக்கான். இவன் வாயை அடைச்சுட்டு என் வாயைத் திறந்து வச்சு இன்னா பண்ணப்போறீங்க?"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஆட்டோக்காரர் கயிற்றை விட்டுவிட்டு விசிலடித்தார். "இதுக்கு மேல எவன்யா பேசறது! இடி, நீ வீட்டுக்குப் போ!"

யுவராஜ் எழுந்தார். எல்லாம் கனிந்து கைக்கு வந்துவிட்டது. இரண்டு வார்த்தை உளறினால் போதும். சுவரோரமாக நின்ற சுகன்யா உட்காருங்கள், உட்காருங்கள் என்று கையை ஆட்டினாள். சத்தியம் பண்ணியது நினைவுக்கு வந்தது. "திலீபன் நல்லவரு," என்று ஆரம்பித்தார். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் இன்னும் திலீபன் பேசியதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் இவர் பேசும்போதே எழுந்து போகப் பார்த்தாள்.

அதுதான் தாங்கவில்லை.

"உக்காரும்மா!" என்றார். கூடம் திரும்பியது. "சிரிக்க வைக்கிறவன் நான்னு சொன்னான். ஒத்துக்கறேன். எதைச் சொல்லி சிரிக்க வச்சேன்? மேலிடத்துல எதைப் பேசச் சொன்னாங்களோ அதை! ஊஞ்சல்ல உக்காந்தா முன்னால போவும், பின்னால போவும், இருக்கிற இடத்தை விட்டு நகராது. நானும் அதே கதிதான். இவனைப் பாரு. பேரு மட்டும் சூறாவளி இல்ல. ஷெட்டுக் கழிவைக் கால்வாயில விட்டாங்களே, யாரு ஆட்சியில? இவன் ஆட்சியில! ஷெட்டு யாருது? இவங்க அமைச்சர் மச்சானுது! அந்த அமைச்சரை மேடையில பக்கத்துல உக்கார வச்சுக்கினே, இந்தத் தண்ணியை ஒரு மடக்கு உம்மால குடிக்க முடியுமாய்யான்னு கேட்டான். மைக்கைப் பிடுங்கினாங்க. மைக் இல்லாமயே கேட்டான். அதோட அவனுக்கு வர வேண்டிய பதவி போச்சு."

திலீபன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நான் இன்னா பண்ணேன்? எதிர் மேடை போட்டு அதையே பிடிச்சுக்கினு குடையை நாற அடிச்சேன். கைதட்டல் வாங்கினேன். அடுத்த வருஷம் எங்க ஆட்சி வந்துச்சு. அதே ஷெட்டு, அதே கால்வாய், அதே நாத்தம். நான் வாயைத் திறந்தேனா? கருவி நல்லாத்தான் வேலை செஞ்சுது. குரல் இருந்துச்சு. நான் பேசலை!" இதைச் சொல்லும்போது அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. மனசில் எங்கோ கிடந்தது, கைதட்டலுக்கு ஆசைப்பட்டு வெளியே வந்துவிட்டது. அது உண்மை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. இனி நிறுத்த முடியாது. "என் குரல் போனா ஊஞ்சல் கட்சிக்கு ஒரு ஆள் குறையும். சாயங்காலத்துக்குள்ள வேற ஆளைப் பிடிச்சுடுவாங்க. இவன் குரல் போச்சுன்னா, சொந்தக் கட்சிக்காரனையே பாத்து நீ செய்யறது தப்புடான்னு சொல்ற தொண்டை இந்த ஊர்லயே இல்லாம போயிடும்! இருக்கிறது ஒரே ஒரு அனுமதி. அது எந்தத் தொண்டைக்குப் போவணும்? நீங்களே சொல்லுங்க!"

கட்டுப் போட்ட கையோடு ஒருவர் தொடையில் தட்ட ஆரம்பித்தார். கூடமே அதிர்ந்தது. டிரிப்ஸ் கம்பங்கள் ஆடின. ஆட்டோக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

ஷப்னம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "இடி ஐயா பேசினதுதான் நியாயம்," என்றாள். "தீர்ப்பு அதான்."

"ஜெயிச்சுட்டேன்!" என்று யுவராஜ் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். "முப்பது வருஷத்துல நேருக்கு நேர் நின்னு, ஜெயிச்சுட்டேன்டா சூறாவளி!"

குதித்தவர் திரும்பிச் சுகன்யாவைப் பார்த்தார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அட கூறுகெட்ட மனுஷா," என்றாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்றைக்கே திலீபனுக்குச் சுதி சேர்த்தார்கள். பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பாகி, பிறகு அணைந்துவிட்டது. வெளியே வராந்தாவில் திலீபன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புதுக் குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெல்லப் பேசினார்.

"ஏன்யா, நீ சொதப்பியிருக்கலாமே?"

"நீ சொதப்பியிருக்கலாமே?"

"பண்ணிப் பாத்தேன்யா. வரலை."

யுவராஜின் குரல் நாளுக்கு நாள் கரைந்தது. முதலில் சாயங்காலம் போனது, பிறகு மத்தியானமே போனது, பிறகு காலையில் காபி நேரத்துக்கு மட்டும் இருந்தது. ஒரு நாள் காலையில், "சர்க்கரை கம்மியா இருக்குது" என்றார். அதுதான் கடைசி. ஊரையே கிடுகிடுக்க வைத்த மனுஷர் உலகத்துக்குச் சொன்ன கடைசி வாக்கியம் அதுவாகப்போகிறது என்று தெரிந்திருந்தால், நல்லதாக ஏதாவது தயார் பண்ணி வைத்திருப்பார். சுகன்யா சர்க்கரையைக் கொண்டுவந்து போட்டாள். அவர் வாயைத் திறந்தார், மூச்சு மட்டும் வந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. ஆனாலும் சுகன்யா கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தாள்.

கட்சி அவர் சொன்னபடியே செய்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வாணியம்பாடியிலிருந்து ஒரு ஆளைப் பிடித்துவிட்டார்கள். சுவரொட்டியில் 'இடி' என்ற பட்டத்தைக்கூட அப்படியே அவனுக்குப் போட்டுவிட்டார்கள்.

சில நாள் கழித்து பஸ் நிலையத்து முனையில் குடைக் கட்சிக் கூட்டம். வேண்டாமென்று சுகன்யா சொல்லியும் யுவராஜ் போனார். கரை வேட்டி கட்டாமல், சாதாரணச் சட்டையில் போய் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். திலீபன் மைக்கைப் பிடித்தார். குரல் கணீரென்று இருந்தது, பழைய சூறாவளியேதான். ஊஞ்சல் கட்சித் தலைவரைப் பிடித்தார், அவர் மகனைப் பிடித்தார், மருமகனைப் பிடித்தார். பழக்கதோஷத்தில், "எங்கடா அந்த இடி? வந்து பதில் சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்!" என்று கர்ஜித்தார்.

சொன்னவர் நின்றுவிட்டார். முன்வரிசையில் யுவராஜ் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். கூட்டம் கைதட்டியது. அவர் தண்ணீர் குடித்தார். முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு மறுநாள் பதில் வந்துகொண்டிருந்தது. இனி வராது.

யுவராஜ் எழுந்தார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. மேடைக்கு முன்னால் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து அசைத்தார். சத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள், பாவம் என்று யாரோ சொன்னார்கள்.

திலீபன் மேடையின் விளிம்புக்கு வந்து குனிந்து அந்த உதட்டையே பார்த்தார். முப்பது வருஷமாகக் கேட்ட வாய். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா? மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"டேய் சூறாவளி!" என்றார் திலீபன். கூட்டம் விழித்தது. யுவராஜின் உதடு அசைய அசைய அவர் சொல்லிக்கொண்டே போனார். "இன்னாடா பெரிசா கத்தற? உங்க தலைவரு வெள்ளத்துக்குப் படகுல வந்தாரே, படகு எங்க ஓடுச்சு? கணுக்கால் தண்ணியில! நாலு பேரு கீழ நடந்து வந்து தள்ளினாங்கடா!"

ஜனம் ஒரு வினாடி புரியாமல் பார்த்து, அப்புறம் பிய்த்துக்கொண்டது. குடைக் கட்சி மாவட்டச் செயலாளர் எழுந்து, "மைக்கை நிறுத்து! மைக்கை நிறுத்துடா!" என்று கத்தினார். உயிருள்ள தொண்டையிலிருந்துதானே வருகிறது, எந்தச் சட்டத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் ஆபரேட்டர் விழித்தான். யுவராஜ் விரலை நீட்டி இன்னும் வேகமாக உதட்டை அசைத்தார். திலீபன் மேடையில் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் தவறவிடாமல், கண்ணில் தண்ணீர் வழிய வழிய, தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்கங்க ஜனங்களே! கணீர்னு கேக்குதே இவன் குரலு, அது எப்படி வந்துச்சு தெரியுமா? பட்டிமன்றத்துல என்கிட்ட தோத்து வாங்கின குரல்டா அது!"